சிந்தாமணி நிறைவு கண்ட இல்லம்

அகத்தவம் ஆறனுள் சுவாத்தியாயத்தையும் ஒன்றாக வைத்துரைக்கின்றது தத்துவார்த்த சூத்திரம். நூலை வாசித்தல், ஐயம் வினவுதல், பொருளை மீள மீளச் சிந்தித்தல், பாடம் பிழையாது உருவேற்றுதல், பிறர்க்கு அறம் உரைத்தல் என அதற்கு ஐந்து உறுப்புகள் உண்டு. வாசித்தல் அவற்றுள் முதற்படி. ஏனைய நான்கும் கூடும்போதே கல்வி ஆழம் பெறுகின்றது. இதற்குத் தமிழிலக்கிய வரலாற்றில் ஒரு சிறந்த சான்று உளது. அது கும்பகோணத்துச் சமணர் இல்லத்தில் நிகழ்ந்தது.

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ.வே. சாமிநாதையர், அந்நகருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் பயின்றீர் என்று முதலியார் வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என ஐயர் அடுக்கிக்கொண்டே சென்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பாடம் கேட்டவராயினும், முதலியார் அடுத்து வினவிய சீவக சிந்தாமணியை அவர் அதுகாறும் பயின்றிலர்.

முதலியார் தந்த கையெழுத்துப் படியைக் கொண்டு ஐயர் அந்நூலினுட் புகுந்தார். திருத்தக்கதேவரின் செய்யுள்களுக்கு நச்சினார்க்கினியர் உரை துணை நின்றது. ஆயினும் நூலிலும் உரையிலும் வரும் சமண சமயக் கருத்துகள் விளங்கவில்லை. சொல்லுக்குப் பொருள் கூற இலக்கணப் பயிற்சி போதும். அச்சொல் எந்த நெறியில் நின்று பிறந்தது என்பதை அந்நெறியில் வாழ்வோரிடமே கேட்டறிய வேண்டியிருந்தது.

அந்நிலையில் சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் முதலிய சமணப் பெருமக்களின் தொடர்பு அவருக்கு வாய்த்தது. ஐயர் முதன்முதலாகச் சென்ற நாளில், இல்லத்து வாயிலில் மாக்கோலம் இடப்பட்டிருந்தது. மாவிலைத் தோரணம் கட்டப்பட்டிருந்தது. இன்று என்ன விசேடம் என்று கேட்டவருக்கு, சிந்தாமணி பூர்த்தியாயிற்று என்ற விடை கிடைத்தது. மாதக்கணக்கில் ஓதிப் பொருள் கேட்டு வந்த ஒரு நூல் நிறைவெய்திய நாளை, அக்குடும்பத்தார் திருநாளாகவே கொண்டாடினர். பெரும்புலவர் பலரும் பயிலாதிருந்த காப்பியம், ஓர் இல்லத்தில் வழிபாடு போல் வாழ்ந்துகொண்டிருந்தது.

ஐயர் தம் அறியாமையை மறைக்கவில்லை. நாள்தோறும் சென்று ஐயங்களைக் கேட்டார். அவர்களும் தயக்கமின்றி விளக்கினர். வேற்றுச் சமயத்தவராகிய அவரது ஆர்வத்தைக் கண்ட சமணப் பெண்மணி ஒருவர், இவர் பவ்விய ஜீவன் போலும் என்றாராம். வீடுபேற்றுக்குத் தகுதியுடைய உயிரே பவ்விய ஜீவன். அடுக்களையிலும் முற்றத்திலும் இயல்பாக வழங்கிய அச்சொல்லின் பொருளையும் ஐயர் கேட்டே அறிந்துகொண்டார்.

நச்சினார்க்கினியரைப் பற்றியும் இத்தகைய செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்றிலர் என்றும், பின்னர்ச் சித்தாமூருக்குச் சென்று சமண நூல்களைப் பயின்று வேறுரை எழுதினார் என்றும் கூறுவர். உரையாசிரியரும் பதிப்பாசிரியரும் ஒரே வாயிலிற்சென்று நின்றனர் என்பதே இச்செய்தியின் உட்கருத்து.

1887இல் சீவக சிந்தாமணி முழுமையாக அச்சில் வெளிவந்தது. ஐயர் பதிப்பித்த பெருங்காப்பியங்களுள் அதுவே முதலாவது.

இன்று அந்நூல் எளிதிற் கிடைக்கின்றது. எனினும் அதனை ஓதி, நிறைவு நாளில் தோரணம் கட்டும் இல்லங்கள் எத்தனை? ஏடு அழிந்தால் வேறொரு படியைத் தேடலாம். பொருள் சொல்லும் மரபு ஓர் இல்லத்தில் அற்றுப்போனால், மறுபடி ஐயம் கேட்க வருபவர் எவ்வாயிலில் நிற்பார்? நாளொன்றுக்கு ஒரு செய்யுளாயினும் பெரியோர் ஓத, இளையோர் வினவும் வழக்கம் நம் இல்லங்களில் மீண்டும் தழைக்குமாக. அதுவே முன்னோர்க்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கம்.