புனித யோவான் இரவுத் தீ (அயர்லாந்து)

அயர்லாந்தின் மேற்கு, தெற்கு மாவட்டங்களில் ஜூன் 23 இரவு ஊர்கூடி மூட்டும் தீ. மறுநாள் திருமுழுக்கு யோவானின் பிறப்புத் திருநாள். அவர் இயேசுவுக்கு ஆறு மாதம் மூத்தவர் என்பது விவிலியக் கணக்கு. அதனால் இவ்விழா கிறிஸ்துமஸிலிருந்து அரையாண்டு தள்ளி, ஆண்டின் மிக நீண்ட பகலை ஒட்டி விழுகிறது. ஐரிய மொழிப் பெயரின் பொருள் 'எலும்புத் தீ'. விறகோடு எலும்பும் போட்டு எரித்தார்கள்.

சிறுவர்கள் வீடு வீடாகப் போய், சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகளைக் கேட்டு வாங்கிச் சேர்ப்பார்கள். பொழுது அடையும் நேரத்தில், ஜூனில் அங்கே அது இரவு 10 மணி, ஊரில் மூத்தவர் ஒருவர் செபம் சொல்லத் தீ எழும். பிறகு ஆட்டமும் பாட்டும். இளைஞர்கள் தீயைத் தாண்டுவார்கள்.

உழவருக்கு முக்கியமான காரியம் தீ தணிந்த பின்தான் தொடங்கும். கங்குகளை அள்ளிப்போய் வயலுக்கொன்றாக எறிவார்கள். முதல் கங்கை வீட்டுக்குக் கொண்டுபோனவருக்கே அந்த ஆண்டின் நற்பேறு. ஆஸ்கார் வைல்டின் தாயார் லேடி வைல்டு 1887இல் வெளியிட்ட நூலில் மாட்டுக்குச் செய்வதையும் குறித்திருக்கிறார்: எரியும் ஹேசல் மரக் குச்சியால் முதுகு மயிரை லேசாகப் பொசுக்குவார்கள், அந்தக் குச்சியைப் பத்திரப்படுத்தி, மாடுகளைத் தண்ணீருக்கு ஓட்டப் பயன்படுத்துவார்கள்.

இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது நியாயமில்லை. விதைப்பு முடிந்து, விளைச்சல் கைக்கு வராத நாட்கள் அவை. பழைய உருளைக்கிழங்கு தீர்ந்துவிடும். புதியது ஆகஸ்டில்தான் வரும். இடைப்பட்ட மாதத்தைப் 'பசி ஜூலை' என்றார்கள்; கோசுக்கீரையால் வயிற்றைக் கழுவியதால் 'முட்டைக்கோசு ஜூலை' என்றும் பெயர். வயலில் எறிந்த கங்கு அந்தப் பயத்துக்கான காப்பு.

லிமெரிக் மாவட்டத்து நோக்கேனி குன்றில் இதன் பழைய முகம் தெரிகிறது. ஆன்யா என்னும் பெண்தெய்வத்தின் பெயர் தாங்கிய குன்று அது. அங்கே முன்பு ஆண்கள் கம்பு நுனியில் வைக்கோலும் புல்லும் கட்டிக் கொளுத்தி, உச்சிக்கு ஏறிச் சுற்றிவருவார்கள். இறங்கியதும் அதே பந்தங்களைப் பயிர்கள் மேலும் மாடுகள் மேலும் வீசிக்கொண்டு வயல்வழியே ஓடுவார்கள். விழா புனித யோவானுடையது, குன்றோ ஆன்யாவுடையது. ஊரார் இருவரையும் விட்டுக்கொடுக்கவில்லை.

வட அயர்லாந்தில் புராட்டஸ்டண்டு மக்கள் ஜூலை 11 இரவு மூட்டும் தீ வேறு. அது 1690இன் பாய்ன் போரில் புராட்டஸ்டண்டு தரப்பு வென்றதை நினைவுகூர்வது. யோவான் தீ மேயோ, கால்வே, ராஸ்காமன் ஊர்களிலும் கார்க் நகரத் தெருக்களிலும் இன்றும் எரிகிறது.