ஏழு நாள் ராஜா: நிக் கிளெக்கும் லண்டன் பேப்பர்களும்

சட்டனுக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. தெற்கு லண்டன், விக்டோரியா போற ரயில் ரூட். அம்மாவுக்கு இன்னமும் அது சட்னிதான். பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு, மன்னிச்சுக்கோங்க மக்களே, டிசர்டேஷன் ஆணி அதிகம். அந்த ஆணிக்காகத்தான் 2010 ஏப்ரல் மாசத்து லண்டன் பேப்பர்களை நாலு நாளா லைப்ரரியில் உட்கார்ந்து புரட்டிக்கிட்டிருந்தேன். படிச்சதை எங்கேயாவது கொட்டணும். அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன்.

கேள்வி இதுதான். ரெண்டு பெரிய கட்சியிலும் சேராத ஒரு மூணாவது ஆள் டிவி விவாத மேடை ஏறினா, மீடியா அவரை என்ன பண்ணும்?

இதுக்கு அமெரிக்காவைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுவாங்க. அங்கே 1934-லேயே ஒரு சட்டம் இருக்கு: ஒரு வேட்பாளருக்கு ஒலிபரப்புல நேரம் கொடுத்தா, அதே பதவிக்கு நிக்கற மத்தவங்களுக்கும் சம வாய்ப்பு கொடுக்கணும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 1960-ல் கென்னடியும் நிக்ஸனும் மட்டும் மோதணும்கறதுக்காக அந்தச் சட்டத்தையே காங்கிரஸ் தற்காலிகமா நிறுத்தி வச்சது. நாம எல்லாரும் படிக்கற 'வரலாற்றுச் சிறப்புமிக்க முதல் விவாதம்' மத்த வேட்பாளர்களை வெளியே நிறுத்திட்டுத்தான் ஆரம்பிச்சது. நிக்ஸன் முகத்து வியர்வையைப் பத்தி ஆயிரம் கட்டுரை இருக்கு. இதைப் பத்தி யாரும் பெருசா பேசறதில்ல.

1992-ல் ராஸ் பெரோ வந்தார். டெக்சாஸ் கோடீஸ்வரர், கட்சி கிடையாது. புஷ், கிளிண்டன் பக்கத்துல அவரையும் மேடை ஏத்தினாங்க. கடைசியில கிட்டத்தட்ட 19 சதவீத ஓட்டு வாங்கினார். நாலு வருஷம் கழிச்சு 1996-ல் அதே பெரோவை விவாதத்துக்கே கூப்பிடல. ஜெயிக்க நிஜமான வாய்ப்பு இல்லையாம்! அப்படி முடிவு பண்ணின கமிஷனை 1987-ல் ஆரம்பிச்சதே ரெண்டு பெரிய கட்சியோட தலைவர்களும் சேர்ந்துதான். ரெண்டு கடைக்காரங்க சேர்ந்து சந்தைக்கு கேட் போட்ட மாதிரி.

2008 ஜனவரியில் ரான் பால் கதை இன்னும் வேடிக்கை. அயோவாவில் குடியரசுக் கட்சிக்காரங்கள்ல அவருக்கு சுமார் 10 சதவீதம், ஜூலியானிக்கு 4-க்கும் கம்மி. மூணு நாள் கழிச்சு ஃபாக்ஸ் நியூ ஹாம்ப்ஷயர்ல நடத்தின நிகழ்ச்சிக்கு ஜூலியானியைக் கூப்பிட்டாங்க, ரான் பாலைக் கூப்பிடல. அந்த மாநிலத்து குடியரசுக் கட்சியே கடுப்பாகி அந்த நிகழ்ச்சியிலிருந்து விலகிக்கிச்சு. அவரோட கொள்கை எனக்குப் பெருசா ஒத்துவராது. ஆனா 4 பெரிசா 10 பெரிசான்னு கேட்டா எங்க தெரு மளிகைக்கடை அண்ணாச்சியே சொல்லிடுவார்.

சரி, லண்டனுக்கு வருவோம்.

பிரிட்டன்ல பிரதமர் வேட்பாளர்கள் டிவியில் நேருக்கு நேர் மோதறதை 46 வருஷம் தள்ளிப் போட்டாங்க. 1964-ல் ஹெரால்டு வில்சன் சவால் விட்டார், அப்போ பிரதமரா இருந்த டக்ளஸ் ஹோம் மாட்டேன்னுட்டார். இப்படி ஆரம்பிச்சா நல்ல நடிகர்தான் நாட்டுத் தலைவராவார், அவருக்குப் பின்னாடி வசனகர்த்தா இருப்பார்னு பயந்தாராம். பாவம், நம்ம ஊரைப் பத்தி அவருக்குத் தெரியாது. டிவி விவாதம் எதுவும் இல்லாமலேயே வசனம் எழுதினவர் 1969-லும் நடிச்சவர் 1977-லும் கோட்டைக்கு வந்துட்டாங்க :-) 1979-ல் கேலகன் சரின்னார், தாட்சர் மறுத்துட்டார். யார் முன்னாடி ஓடறாங்களோ அவங்களுக்கு விவாதம் தேவையில்ல, அவ்வளவுதான் கணக்கு.

2010-ல் கோர்டன் பிரவுன் பின்தங்கி இருந்தார். கேமரூன் எதிர்க்கட்சியா இருந்தப்பவே விவாதம் வேணும் வேணும்னு கேட்டுட்டதால பின்வாங்க முடியல. மூணாவது நாற்காலி லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக்குக்குப் போச்சு. ஏப்ரல் 15, மான்செஸ்டர், ஐடிவி. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால பிரிட்டன் விமானமெல்லாம் நின்னுபோன அதே நாள். மூணு விவாதத்துக்கும் சேர்த்து 76 விதிகள். நடுவுல கைதட்டக்கூடாதுங்கறதும் அதுல ஒண்ணு. அன்னிக்கு சுமார் 94 லட்சம் பேர் பார்த்தாங்க.

நான் குடியிருக்கற வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்து அண்ணன். அன்னிக்கு அவரும் இதே சட்டன்ல, இதே ஹால்ல உட்கார்ந்து பார்த்தவர். போன வாரம் டீ குடிச்சிட்டே கேட்டேன், என்ன ஞாபகம் இருக்குன்னு.

"தம்பி, மற்ற ரெண்டு பேரும் தங்களுக்குள்ள சண்டை பிடிச்சவை. இவர் ஒராள்தான் கமராவைப் பாத்து எங்களோட கதைச்சவர். கேள்வி கேட்ட ஆக்களின்ர பேரைக்கூடச் சொல்லிக் கதைச்சவர். எனக்கு அந்த நேரம் அது பெரிய விசயமா இருந்தது."

பல ஆய்வாளர்கள் பக்கம் பக்கமா எழுதினதை அண்ணன் நாலு வரியில சொல்லிட்டார். விவாதம் முடிஞ்சதும் யூகவ் எடுத்த கணிப்புல கிளெக் 51, கேமரூன் 29, பிரவுன் 19. நாலே நாள்ல ஒரு கணிப்பு லிபரல் டெமாக்ரட்டை முதலிடத்துலயே காட்டுச்சு. பிரவுன் அன்னிக்கு ராத்திரி பூரா 'ஐ அக்ரீ வித் நிக்'னு சொன்னது டீ ஷர்ட் வாசகமாச்சு. சர்ச்சிலுக்கு அப்புறம் இவ்வளவு செல்வாக்கான தலைவர் இல்லைங்கற அளவுக்கு ஒரு பேப்பர் போச்சு.

இங்கே ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். பிரிட்டன்ல டிவிக்கும் பேப்பருக்கும் சட்டம் வேற வேற. டிவியும் ரேடியோவும் நடுநிலையா இருந்தாகணும், தேர்தல் சமயத்துல இன்னும் கறாரா. பேப்பருக்கு அப்படி எதுவும் இல்ல, யாரை வேணா தூக்கலாம், யாரை வேணா போட்டுத் தாக்கலாம். சன் பேப்பர் 2009 செப்டம்பர்லேயே, லேபர் மாநாடு நடக்கும்போதே கன்சர்வேடிவ் பக்கம் தாவிடுச்சு. ஆக, டிவி சட்டப்படி கொடுத்த அந்த மூணுல ஒரு பங்கு நேரம், பேப்பர்கள் அதுவரைக்கும் கிளெக்குக்குக் கொடுக்காத ஒண்ணு.

அப்புறம் வந்தது ஏப்ரல் 22, ரெண்டாவது விவாதம் நடக்கற நாள். அன்னிக்குக் காலைப் பேப்பர்களை வரிசையா மேஜையில பரப்பி வச்சுப் பார்த்தேன், சினிமா சீன் மாதிரி இருந்துச்சு. டெலிகிராஃப் முதல் பக்கத்துல, கட்சிக்குப் பணம் தர்றவங்க கிளெக்கோட சொந்த வங்கிக் கணக்குல போட்டிருக்காங்கன்னு செய்தி. (அது ஒரு உதவியாளர் சம்பளத்துக்குன்னு அவர் கணக்கு விவரத்தை அன்னிக்கே வெளியிட்டார்.) டெய்லி மெயில் முதல் பக்கத்துல, பிரிட்டனை நாஜியோட சேர்த்துக் கிளெக் அவமதிச்சுட்டாராம். எப்போ? 2002-ல், ஐரோப்பிய பார்லிமெண்ட் உறுப்பினரா இருந்தப்போ கார்டியன்ல எழுதின கட்டுரையில. போர் ஜெயிச்ச பெருமையையே இன்னும் கட்டிக்கிட்டு அழறோம்னு பிரிட்டிஷ்காரங்களைக் குறை சொல்லி எழுதினது. எட்டு வருஷம் தூங்கின கட்டுரை சரியா அன்னிக்குக் காலையில முழிச்சுக்கிச்சு. எக்ஸ்பிரஸும் சன்னும் தங்கள் பங்குக்கு. ஒரே வாரத்துல சர்ச்சில்லேர்ந்து நாஜி ஆயிட்டேன்னு கிளெக்கே ஜோக்கடிச்சார். ட்விட்டர்ல உலகத்துல நடக்கற எல்லா அசம்பாவிதத்துக்கும் கிளெக்தான் காரணம்னு கிண்டல் பண்ணித் தள்ளிட்டாங்க.

அதுக்கு முந்தின நாள் இன்னொரு கூத்து. தேர்தலை முடிவு பண்ணப் போறது ரூபர்ட் மர்டாக் இல்ல, நீங்கதான்னு இண்டிபெண்டன்ட் பேப்பர் விளம்பரம் செஞ்சிருந்தது. மர்டாக்கோட மகன் ஜேம்ஸும் ரெபெக்கா புரூக்ஸும் நேரா இண்டிபெண்டன்ட் ஆபீசுக்குள்ளேயே போய் அந்த ஆசிரியரை மடக்கிச் சத்தம் போட்டாங்க. விளம்பரம் சொன்னது பொய்னு நிரூபிக்க இதைவிட மோசமான வழி இருக்க முடியாது!

இதையெல்லாம் பார்த்ததும் முதல்ல எனக்கும் 'அடப்பாவிங்களா, பேப்பர்காரங்கதான் அவரைக் கவுத்துட்டாங்க'ன்னுதான் தோணுச்சு. டிசர்டேஷனுக்கு அழகான முடிவு. ஆனா எண்களைப் பார்த்ததும் அது நிக்கல. மே 6 தேர்தல்ல லிபரல் டெமாக்ரட்டுக்கு 23 சதவீதம், 2005-ஐ விட ஒரு சதவீதம் கூட. சீட்டு மட்டும் 62-லேர்ந்து 57 ஆச்சு, அது தொகுதிவாரிக் கணக்கோட வேலை. அந்த ஏப்ரல் 22 தாக்குதலுக்கு அப்புறமும் கணிப்புல அவர் பெருசா சரியல. கடைசி நேரத்துலதான் ஜனங்க வழக்கமான ரெண்டு கட்சிக்குத் திரும்பினாங்க.

என்னை யோசிக்க வச்சது வேற ஒண்ணு. சன் பேப்பரோட பழைய ஆசிரியர் டேவிட் யெல்லண்ட் அந்த வாரம் கார்டியன்ல எழுதின கட்டுரை. மர்டாக் பேப்பர்கள் அந்தக் கட்சியைக் கண்டுக்கவே கண்டுக்காதுன்னும், அவங்க ஆட்சிக்கு வந்தா இவங்களுக்கு உள்ளே ஆளே இருக்காதுன்னும் போட்டு உடைச்சார். ஏப்ரல் 22 வசவை எல்லாரும் ஞாபகம் வச்சிருக்காங்க. அதுக்கு முந்தின இருபது வருஷ மௌனத்துக்குத் தலைப்புச் செய்தி கிடையாது, லைப்ரரியில புரட்டினாலும் அகப்படாது. திட்டறதுக்காவது பேரைச் சொல்லியாகணும். என்னைக் கேட்டா பெரிய சாய்வு அந்த மௌனம்தான். (செமினார்ல நான் சொன்னதை யாராவது மறுத்தா ராத்திரி நல்லாத் தூங்குவேன். 'ம்'னு கூட சொல்லாம அடுத்த ஆளுக்குப் போயிட்டா விடியற வரைக்கும் தூக்கம் வராது. அந்த அனுபவத்துல சொல்றேன்.)

இன்னொண்ணு. கிளெக் நிஜமா வெளியாளா? வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்கூல், கேம்பிரிட்ஜ், பிரஸ்ஸல்ஸ்ல ஐரோப்பிய கமிஷன் உத்தியோகம். வாசல்ல நின்ன வெளியாள் வேற. ஸ்காட்லாந்து தேசியக் கட்சி எங்களையும் சேருங்கன்னு மூணாவது விவாதத்துக்கு முந்தின நாள் பிபிசி மேல எடின்பரோ கோர்ட்டுக்குப் போச்சு, தோத்தது. ஸ்காட்லாந்துக்குத் தனியா சுகாதாரம், தனியா கல்வி, ஆனா மூணு பேர் இங்கிலாந்து ஆஸ்பத்திரியையும் ஸ்கூலையும் பத்திப் பேசறதை ஸ்காட்லாந்தும் உட்கார்ந்து பார்த்துச்சு. கூப்பிடற லிஸ்ட் எழுதற இடத்துலயே பாதி விவாதம் முடிஞ்சுடுது.

நம்ம ஊர்ல லிஸ்ட் பிரச்சனையே கிடையாது, விவாதமே கிடையாதே. கட்சிக்கு ஒரு சேனல். விஜயகாந்த் 2005-ல் கட்சி ஆரம்பிச்சு 2006-ல் தனியா நின்னு 8 சதவீதத்துக்கு மேல வாங்கினார், சீட்டு ஒண்ணே ஒண்ணு, விருத்தாசலம். கிளெக் இங்கே மேடை ஏறின அதே 2010 ஏப்ரல்லதான் அங்கே கேப்டன் டிவி வந்துச்சு. மத்தவன் மேடையில நாற்காலி கேட்டு நிக்கறதைவிட சொந்தமா மேடை போட்டுக்கறதுன்னு முடிவு. அதுக்கும் காசு வேணும், எல்லா வெளியாளுக்கும் கல்யாண மண்டபம் இருக்காது.

கிளெக் கதையோட மீதி உங்களுக்கே தெரியும். கேமரூனோட கூட்டணி, துணைப் பிரதமர். கட்டணத்தை ஏத்த மாட்டோம்னு மாணவர்கள் கிட்ட கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கட்சி, 2010 டிசம்பர் 9 அன்னிக்கு வருஷத்துக்கு 9,000 பவுண்டு வரை ஏத்தற ஓட்டெடுப்புல ரெண்டா உடைஞ்சது. கிளெக் ஏத்தறதுக்குத்தான் ஓட்டுப் போட்டார். 2012-ல் மன்னிப்புக் கேட்டார். அந்த 2012 செப்டம்பர்லதான் வீட்டுக்கார அண்ணன் மகள் யூனிவர்சிட்டி சேர்ந்தாங்க.

"டிவியைப் பாத்து வோட்டுப் போட்டனான். என்ர பிள்ளைக்கு இண்டைக்கும் சம்பளத்தில லோன் வெட்டுறாங்கள்"னார் அண்ணன். கோபமா சொல்லல, கணக்குச் சொல்ற மாதிரி சொன்னார். இதுக்கு எந்தப் பேப்பரையும் குத்தம் சொல்ல முடியாது. அந்த அடி கிளெக் தானே அடிச்சுக்கிட்டது.

2015-ல் கட்சி 8 சீட்டுக்கு விழுந்தது. 1997-லேர்ந்து அவங்க கையில இருந்த எங்க சட்டன் தொகுதியும் போச்சு. (கவுன்சில் மட்டும் 1986-லேர்ந்து அவங்க ஆட்சிதான். சட்டன்ல அவங்க வெளியாள் இல்ல, வீட்டு ஆள்!) கிளெக் 2018-ல் ஃபேஸ்புக்குக்குப் போய் 2025 ஆரம்பத்துல விலகற வரைக்கும் அங்கே பெரிய பதவி. யார் எதைப் பார்க்கணும்னு முடிவு பண்ற இடத்துல அந்த ஏப்ரல் 22 அவருக்கு ஞாபகம் வந்திருக்குமா, தெரியல.

2024 தேர்தல்ல முதல் ஐடிவி விவாதத்துக்கு சுனக், ஸ்டார்மர் ரெண்டு பேர் மட்டும்தான். லிபரல் டெமாக்ரட் தலைவர் எட் டேவிக்கு நாற்காலி இல்ல. அவர் என்ன பண்ணார்? ஏரியில துடுப்புப் பலகை மேல நின்னு தொபுக்கடீர்னு விழுந்தார், ஒரு தடவை இல்ல, பல தடவை. எல்லா சேனலும் காட்டுச்சு. ஓட்டு 12 சதவீதம்தான், கிளெக் வாங்கினதுல பாதி. சீட்டு 72! சட்டனும் திரும்பக் கிடைச்சது.

இந்திய பாஸ்போர்ட்டோட படிக்க வந்த எனக்கும் இங்கே ஓட்டு உண்டு, காமன்வெல்த் புண்ணியம். போன மாசம் பேரைப் பதிஞ்சுட்டேன். நேத்து கதவு இடுக்குல ஒரு நோட்டீஸ் விழுந்திருந்தது, வழக்கமான பார் சார்ட்டோட, 'இங்கே இவங்களால மட்டும்தான் ஜெயிக்க முடியும்'னு. அண்ணன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துட்டு, பின்பக்கம் வெள்ளையா இருக்கேன்னு கடைச் சாமான் லிஸ்ட் எழுத ஆரம்பிச்சுட்டார்.