கரண்ட் வைக்கும் அறையில் மாணவர்கள்

பொம்மையார்பாளையத்தில் ஒருவர் பேச்சை நிறுத்தி, சோறு தண்ணீரையும் மறுத்து முடங்கிவிட்டால், வீட்டார் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கு அழைத்துப் போவார்கள். அங்கிருந்து கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனை. மின்வலிப்பு சிகிச்சை என்ற பேச்சு எழுந்தாலே, “கரண்ட் வைக்கப் போறீங்களா சார்?” என்று குரல் நடுங்கும். பக்கத்தில் நிற்கும் பயிற்சி மருத்துவருக்கும் உள்ளூர அதே நடுக்கம் இருக்கக்கூடும்.

அந்தப் பயம் கற்பனையில் பிறந்ததல்ல. 1938 ஏப்ரலில் ரோம் நகரில் உகோ செர்லெட்டியும் லூச்சியோ பினியும் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு மின்சாரத்தால் வலிப்பை உண்டாக்கினார்கள். அதற்கு முன்பே, 1934-இல், புடாபெஸ்டில் மெடுனா என்ற மருத்துவர் மருந்தால் வலிப்பை வரவழைத்து மனச்சிதைவு நோயைத் தணிக்கப் பார்த்திருந்தார். மின்சாரம் அதைவிட எளிது, மலிவு. 1940களிலேயே இந்தச் சிகிச்சை இந்தியாவுக்கும் வந்துவிட்டது. அன்று மயக்க மருந்து கிடையாது. உதவியாளர்கள் கை கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். வலிப்பின் வேகத்தில் முதுகெலும்பு முறிந்தவர்களும் உண்டு.

1950களில் தசைத்தளர்த்தி மருந்தும் மயக்க மருந்தும் சேர்ந்ததும் சிகிச்சையே உருமாறியது. ஆனால் நம் நாட்டில் மயக்கவியல் மருத்துவர்கள் போதாத இடங்களில் பழைய ‘டைரக்ட்’ முறை பல பத்தாண்டுகள் நீடித்தது. 2001-இல் சார்த்தக் என்ற அமைப்பு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017தான் மயக்க மருந்தும் தசைத்தளர்த்தியும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது என்று தடுத்தது. சிறார்களுக்கும் தடைதான், பாதுகாவலரின் ஒப்புதலும் மனநல வாரியத்தின் முன் அனுமதியும் இருந்தால் மட்டுமே விலக்கு. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதம். ரோமில் தொடங்கி 80 ஆண்டுகள்! இவ்வளவு தாமதம் நியாயமே அல்ல.

மருத்துவ மாணவர்கள் பலர் இந்தச் சிகிச்சையை முதலில் பார்ப்பது வார்டில் அல்ல, திரையில். 1975-இல் வந்த ‘ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்’ படத்தில் ஜாக் நிக்கல்சனை விழித்திருக்கும்போதே அமுக்கிப் பிடித்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலிய மருத்துவ மாணவர்களுக்கு இத்தகைய படக் காட்சிகளைக் காட்டிய ஆய்வொன்று 2002-இல் வெளியானது. பார்த்தபின் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தச் சிகிச்சை மேலிருந்த ஆதரவு குறைந்திருந்தது. மருத்துவம் படிப்பவர்களையே சில நிமிடக் காட்சி இப்படி அசைக்கிறது.

உண்மையான அறையில் நடப்பது வேறு. வெறும் வயிற்றோடு வந்தவருக்கு நரம்பில் ஊசி போட்டு மயக்கம் கொடுப்பார்கள். தசைத்தளர்த்தி ஏற்றும் முன் ஒரு காலில் மட்டும் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்குவது வழக்கம்; மருந்து எட்டாத அந்தப் பாதம் துடிப்பதை வைத்தே வலிப்பு வந்ததை அறிவார்கள். வாயில் பல் காப்பு. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் வலிப்பு முடிந்துவிடும். இப்படி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. பொதுவாக 6 முதல் 12 அமர்வுகள். தற்கொலை எண்ணத்தோடு கூடிய கடும் மனச்சோர்விலும், உடல் விறைத்து உணவை மறுக்கும் கேட்டடோனியாவிலும் இது உயிரையே மீட்கிறது.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 1997 விதிகள் எம்.பி.பி.எஸ். மாணவருக்கு மனநல வார்டில் ஒதுக்கியது இரண்டே வாரம். சிகிச்சை நடக்கும் நாளில் அந்த அறைக்குள் நிற்காமலே பட்டம் வாங்கிவிட முடிந்தது. பிறகு ஒரு நாள் ஒப்புதல் படிவத்தோடு குடும்பத்தார் எதிரில் உட்காரப்போகிறவரும் அவரேதான். நினைவு மங்கும், பெரும்பாலும் திரும்பும், சிகிச்சையை ஒட்டிய நாட்களின் சில நினைவுகள் திரும்பாமலே போகலாம் என்பதை அவர் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.