859 புள்ளிகளின் துணிச்சல்: உலகை வென்ற லாபீர்

இலங்கையின் விளையாட்டு வெற்றிகளைச் சொல்லச் சொன்னால் பலரும் 1996 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தில்தான் தொடங்குவார்கள். அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தீவில் ஓர் உலகச் சம்பியன் இருந்தார். அவர் எம்.ஜே.எம். லாபீர், கொழும்பைச் சேர்ந்த முஸ்லிம் வீரர். 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் பட்டம் வென்றார். நாடு ‘ஸ்ரீலங்கா’ என்று பெயர் மாறி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

பில்லியர்ட்ஸ் பிரித்தானியரின் கழகங்கள் வழியாக இங்கு வந்த விளையாட்டு. திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 வரை இருந்தது. ஆனால் இலங்கைத்துறை, மூதூர்ப் பக்கத்துச் சனங்களுக்குப் பழக்கமானது கரம் பலகைதான். மின்சாரமில்லாத யுத்த காலத்திலும் இடம்பெயர்ந்த முகாம்களிலும் அதுவே பொழுதுபோக்கு. கரம் தெரிந்தவர்களுக்கு லாபீரின் ஆட்டத்தை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை.

பில்லியர்ட்ஸ் மேசையில் மூன்றே பந்துகள்: இருவருக்கும் தலா ஒன்று, பொதுவாக ஒரு சிவப்பு. தன் பந்தால் மற்ற இரண்டையும் தொட்டால் 2 புள்ளிகள். சிவப்பைக் குழியில் விழுத்தினால் 3. கரத்தில் ஸ்ட்ரைக்கர் குழிக்குள் விழுந்தால் தண்டம். இங்கோ இன்னொரு பந்தைத் தொட்டுவிட்டுத் தன் பந்து குழிக்குள் போனால் அதற்கும் 2 அல்லது 3 புள்ளிகள் உண்டு. தவறும்வரை ஆடலாம். தவறினால் மேசை எதிராளியிடம் போய்விடும்.

அதனால் பந்துகளைச் சிக்கலான இடத்தில் விட்டுவிட்டு ஒதுங்குவது பாதுகாப்பான வழி. புள்ளிக்காகத் தொடர்ந்து ஆடுவது துணிச்சலான வழி. பம்பாயில் லாபீர் ஒரே முறையில் 859 புள்ளிகள் எடுத்தார். இரண்டும் மூன்றுமாகச் சேர்வதால், ஏறக்குறைய முந்நூறு அடிகளாவது தவறாமல் விழுந்திருக்க வேண்டும். இந்த விளையாட்டில் துணிச்சல் என்பது ஓங்கி அடிப்பதல்ல. அடுத்த அடியும் தன்னால் முடியும் என்று நம்பி, பந்துகளை அதற்கேற்ற இடத்தில் நிறுத்திக்கொண்டே போவதுதான். கை நடுங்காமல் அத்தனை நேரம் நிற்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

லாபீர் 1981இல் காலமானார். அதன்பின் வந்த யுத்த ஆண்டுகளில் எத்தனையோ பெயர்கள் பேச்சிலிருந்து மறைந்தன. 1958 ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் இலங்கைக்கு முதல் தங்கம் வென்ற யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தையே இன்று எத்தனை பிள்ளைகள் அறிவார்கள்?

பெயர்கள் பதிவிலிருந்து விழுந்துபோவதன் வலி எங்களுக்குத் தெரியும். மாலையில் கரம் சுண்டும் பிள்ளைகளிடம் லாபீரின் பெயரையும் சொல்லிவைப்போம்.