ஒரிஜினல் எந்த ஊர்?

பழைய மோட்டார் பிரியர்கள் நாலு பேர் கூடினால் முதலில் வந்து விழும் கேள்வி, "வண்டி ஒரிஜினலா?" என்பதுதான். டேங்க், விளக்கு, கார்பரேட்டர் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து இறங்கியபடியே இருந்தால் மதிப்பு. எதையாவது மாற்றியிருந்தால், "ஓ, கஸ்டமா?" என்று குரல் இறங்கிவிடும். நான் கட்டிக்கொண்டிருப்பது ஒரு பி.எஸ்.ஏ. பேன்டம் டி1. தோட்டத்துப் பழைய ஸ்டோர் ஒன்றிலிருந்து ஃபிரேமும் எஞ்சினும் மட்டும் கிடைத்தன. மற்றதெல்லாம் அங்கங்கே தேடிச் சேர்த்தது. ஒரிஜினலா என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் வேண்டுமே என்றுதான் இந்த வண்டியின் பூர்வீகத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861இல் துப்பாக்கி செய்யத் தொடங்கப்பட்ட கம்பெனி. மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்தியதுதான் அவர்களுடைய சின்னம். 1948இல் அவர்கள் வெளியிட்ட 123 சிசி பேன்டம், பிரிட்டனில் தந்தி கொண்டுபோகும் பையன்கள் ஓட்டிய சிவப்பு வண்டியாகப் பெயர் வாங்கியது. ஆனால் அதன் எஞ்சினை முதலில் வரைந்தது பர்மிங்ஹாமில் இல்லை. ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், ச்சோப்பாவ் என்ற சின்ன ஊரில். அங்கே டி.கே.டபிள்யூ. நிறுவனத்தில் ஹெர்மன் வேபர் வடிவமைத்து, 1939இல் வெளிவந்த ஆர்.டி.125தான் பேன்டத்தின் மூலம்.

போரில் ஜெர்மனி தோற்றதும் அந்த வடிவமைப்பு வென்றவர்களுக்குப் போர் இழப்பீடாகப் போனது. சோவியத் ஆட்கள் தொழிற்சாலை இயந்திரங்களைக் கழற்றிக் கொண்டுபோய் மாஸ்கோவில் எம்1ஏ செய்தார்கள். அமெரிக்காவில் அது ஹார்லி டேவிட்சனின் 125 சிசி வண்டியானது. பிரிட்டனில் பேன்டம். வேபரும் சோவியத் நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார்; 1948இல் அங்கேயே இறந்தார். பேன்டம் வெளிவந்ததும் அதே வருஷம்தான்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் கியர் வலது காலுக்கு. அதனால் ஜெர்மன் வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திருப்பினார்கள், மில்லிமீட்டரை இஞ்சாக்கினார்கள். 1955இல் யமஹா தன் முதல் மோட்டாரான ஒய்ஏ1ஐச் செய்தபோது அவர்களும் ஆர்.டி.125ஐத்தான் முன்மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். அதே வருஷம் ஃபூஜி மலையேற்றப் பந்தயத்தில் 125 சிசி பிரிவில் ஜெயித்தும் காட்டினார்கள். பிறகு யமஹா உள்ளிட்ட ஜப்பான் வண்டிகள் வந்து நம் தெருக்களிலிருந்து பிரிட்டிஷ் வண்டிகளை விரட்டின. விரட்டிய யமஹாவும் விரட்டப்பட்ட பேன்டமும் ஒரே பாட்டன் வழி வந்த பங்காளிகள்.

இதெல்லாம் ஸ்பேனரைப் பிடித்தால் கைக்கே தெரியும். நம் பட்டறைகளில் கிடக்கும் 10, 12, 14 நம்பர் ஸ்பேனர்கள் பேன்டத்தின் நட்டுகளில் சரியாக உட்காராது. விட்வொர்த் ஸ்பேனர் வேண்டும். 1841இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த திருகுமரை முறையிலிருந்து வந்தது அது. அந்த ஸ்பேனரில் பொறித்திருக்கும் அளவு நட்டின் அகலம் இல்லை, உள்ளே போகும் போல்ட்டின் தடிமன். விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, மெட்ரிக்கில் 60. கைக்குக் கிடைத்த மெட்ரிக் போல்ட்டை அலுமினியப் பெட்டியில் முறுக்கினால் முதல் இரண்டு சுற்று சமத்தாகப் போகும். அப்புறம் மரையைத் தின்றுவிடும்.

எஞ்சினை மூடி ஓட்டிப் பார்த்தபோது ஒரு கோளாறு. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். பத்து நிமிஷத்தில் சூடானதும், கைப்பிடியை விட்டாலும் வேகம் இறங்காமல் அலறும். கார்பரேட்டர்தான் என்று பலரும் சொன்னார்கள். பட்டறை அண்ணன் பிளக்கைக் கழற்றினார். வெள்ளையாக வெந்திருந்தது. "எங்கயோ காத்து இழுக்குது தம்பி. ஜெட்டைப் போட்டு நோண்டாத" என்றார்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் பெட்டியே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே ஏறும்போது பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே இழுக்கும். கீழே இறங்கும்போது அதை சிலிண்டருக்குத் தள்ளும். கிராங்க் தண்டின் ஆயில் சீல் காய்ந்து வெடிப்பு விட்டால் வெளிக்காற்று புகுந்து கலவை மெலியும். சூடேறிப் பிஸ்டனே ஓட்டையாகலாம். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டின் வாயையும் அடைத்து, சைக்கிள் பம்பால் லேசாகக் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவினோம். மேக்னெட்டோ பக்கம் குமிழி கிளம்பியது. சீல்களை மாற்றியதும் அலறல் நின்றது.

கார்பரேட்டரை மாற்றியது வேறு காரணத்துக்காக. பழைய ஆமல் உள்ளே நன்றாகத் தேய்ந்திருந்ததால் மிக்குனி போட்டேன். "ஜப்பான் சாமானைப் போட்டுட்டியே!" என்று ஒருவர் வருத்தப்பட்டார். அந்த மிக்குனியே ஆமலிடம் உரிமம் பெற்று கார்பரேட்டர் செய்த கம்பெனி என்றேன். அவர் நம்பவில்லை.

என்னை யோசிக்க வைத்தது இன்னொருவர். என் வண்டியில் எஞ்சின் எண் ஒன்று, ஃபிரேம் எண் வேறு. "தேய்ச்சிட்டு ரெண்டையும் ஒரே நம்பரா அடிச்சுத் தரேன், விலை ஏறும்" என்றார். டி1 வண்டிகளுக்குத் தொழிற்சாலையிலேயே இரண்டு எண்களும் வேறுவேறாகத்தான் அடித்தார்கள். அவர் தரவிருந்த 'ஒரிஜினல்' பர்மிங்ஹாமிலேயே இருந்ததில்லை. வேண்டாம் என்றேன். சட்டப்படி அது குற்றம், கிரானோடும் ஒத்துப்போகாது என்பது ஒரு பக்கம். இந்த இரும்பு எப்போது வார்க்கப்பட்டது என்று சொல்ல அந்த எண்ணை விட்டால் வேறு சாட்சி இல்லை என்பது இன்னொரு பக்கம்.

நாடு விட்டு நாடு போய், திருப்பி வரையப்பட்டு, அளவு மாற்றப்பட்டுப் பிறந்த வண்டி இது. அதில் ஒரு மிக்குனியோ, 12 வோல்ட் மின்சுற்றோ, உள்ளூரில் தைத்த சீட்டோ சேர்வதால் அதன் கதை கெடாது, நீளும். பழைய தடத்தை அழித்தால்தான் கெடும். அதனால் ஃபிரேமை அறுக்கவில்லை, புதிதாக ஓட்டை போடவில்லை. எந்தப் பாகம் எப்போது, ஏன் மாறியது என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். தேய்ந்த ஆமலையும் துடைத்து எண்ணெய் தடவி, துணியில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன். வண்டி கைமாறும்போது அந்த டின்னும் நோட்டும் கூடவே போகும்.