விரிகோண வில்லையின் வரலாறு

மாணவர்களே, பெரியதொரு பொருளை ஒரே படத்தில் அடக்க வேண்டின், பின்னே விலகி நிற்கவேண்டும். விலக இடமில்லாதபோது யாது செய்வது? ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கோயில் மண்டபத்தில், நெருங்கி நிற்கும் சிற்பத் தூண்களைப் படமெடுக்க முயல்வோர்க்கு எழும் வினா இது.

1858-ஆம் ஆண்டில், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பதிவு செய்தார். சுவரையொட்டி நகர்ந்து நகர்ந்து எடுத்த 21 படங்களை ஒட்டிச் சேர்த்தபோது, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே காட்சி உருவாயிற்று.

வில்லை செய்வோர் வேறு வழி கண்டனர். லண்டனில் டால்மேயர் 1866-இல் விரிகோண வில்லையொன்றை அளித்தார். ஓரத்து நேர்கோடுகளும் அதில் வளையவில்லை. 1900-இல் பெர்லின் கெர்ட்ஸ் நிறுவனத்தின் ஹைபர்கான் ஏறத்தாழ 135 பாகை அகலத்தைக் கண்டது. ஆயின் ஓரங்களில் ஒளி குன்றிற்று. ஆதலால் வில்லையின் முன்னே நட்சத்திர வடிவச் சக்கரம் ஒன்றைச் சுழற்றி, நடுவில் விழும் ஒளியைத் தணித்தனர்.

இன்று பழைய விரிகோண வில்லை வாங்குவோர், அதனை ஒளிக்கெதிரே பிடித்து, பூஞ்சை படர்ந்துளதா என நோக்குக. படமெடுக்குங்கால் கருவியை மேல்நோக்கிச் சாய்த்தால், தூண்களும் சாய்ந்தே தோன்றும். ஒளித்துளையைச் சிறிதாக்கினால் ஓரங்கள் தெளியும்.

எனினும் ஒன்று நினைவிற் கொள்க. அகன்ற வில்லை அனைத்தையும் அடக்கும். அதனாலேயே ஒவ்வோர் எழுத்தையும் சிறிதாக்கும். மண்டபத்தின் முழுத் தோற்றத்துக்கு அது தகும். கல்வெட்டைப் படிக்க விழைவோர்க்கோ, டிரைப் நடந்த வழியே இன்றும் வழி. தேய்ந்துவரும் எழுத்துகள் நம் கோயில்களில் பல உள. அவை மறையுமுன் பதிவு செய்தல் உங்கள் கடன்.