கரையிலிருந்து மேற்கே: மாநில நெடுஞ்சாலை 49இன் வரலாற்றை மீண்டும் எழுதுதல்

சென்னை திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வழியாகப் புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை, அரசு ஆவணங்களில் மாநில நெடுஞ்சாலை 49 என்ற எண்ணோடு இருந்தது. மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட பகுதி இப்போது தேசிய நெடுஞ்சாலை 332ஏ. இதன் வரலாற்றைச் சொல்பவர்கள் வழக்கமாக 1998இல் தொடங்குகிறார்கள். தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் ஐ.எல்.அண்ட் எஃப்.எஸ். நிறுவனமும் கூட்டாகத் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தை அமைத்தது அந்த ஆண்டில்தான். அக்கரைக்குத் தெற்கே மேம்படுத்தப்பட்ட சாலையில் 2002 முதல் சுங்கம் வசூலிக்கப்பட்டது. மீனவக் குப்பங்களையும் சிற்றூர்களையும் இணைத்த பழைய சாலைகளை ஒட்டுப்போட்டு உருவானது இச்சாலை என்ற ஒரு வரியும் அந்த வரலாறுகளில் வந்துபோகும். அந்த ஒரு வரிதான் இக்கட்டுரையின் பொருள். ஒட்டுப்போடப்பட்ட அந்தச் சாலைகள் எந்தத் திசையில் ஓடின?

பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடின என்பது என் விடை. செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு ஒன்று, மதுராந்தகத்திலிருந்து செய்யூர் வழியாக இடைக்கழிநாட்டுப் பக்கம் ஒன்று, திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்கு ஒன்று. இவை மூன்றுக்கும் வேர் உள்நாட்டில் ஓடும் பெருஞ்சாலையில் இருக்கிறது. முனை கடலில் முடிகிறது. கரையோர ஊர் ஒவ்வொன்றும் தன் தாலுகா தலைமையிடத்தையும் சந்தையையும் மேற்கே பார்த்தது. பக்கத்துக் கரையூரோடு அதற்கு இருந்த உறவு சாலைவழியில் அமைந்ததன்று.

இந்தத் திசையமைப்பு மிகப் பழையது. சங்க இலக்கியத்தின் இரண்டு ஆற்றுப்படைகள் இந்தக் கரையை நேரடியாகத் தொடுகின்றன. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். அவர் காட்டும் வழி எயிற்பட்டினத்தில் கடலைத் தொட்டு, வேலூர், ஆமூர் என்று நிலம் நோக்கித் திரும்பி, நல்லியக்கோடனின் கிடங்கிலில் முடிகிறது. கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். அப்படிக் கொண்டால், இன்றைய மரக்காணம் - திண்டிவனம் சாலைக்கும் நத்தத்தனாரின் வழிக்கும் போக்கில் பெரிய வேறுபாடு இல்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையிலும் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் இளந்திரையனின் காஞ்சிக்குப் போகும் வழியில் வருகிறது. உப்பு ஏற்றிச் செல்லும் உமணர்கள் இரண்டு நூல்களிலும் உண்டு. உப்பு விளைவது கரையில், விலைபோவது உள்நாட்டில்; வண்டியின் தடம் கடலுக்கு முதுகு காட்டித்தான் செல்லும். பாலாற்று முகத்துவாரத்தருகே வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை கண்டெடுத்த மதுச்சாடி ஓடுகளையும் இந்தக் கோணத்திலேயே படிக்க வேண்டும். சாடி வந்தது கடல்வழி; அதைக் கேட்டவர்கள் இருந்தது ஆற்றின் மேற்பகுதியில்.

பின்வந்த நூற்றாண்டுகளின் கோட்டைகளும் இதே கதையைத்தான் சொல்கின்றன. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் அமர்ந்தது, உள்ளூர்களில் நெய்யப்பட்ட துணி அவர்களின் கப்பலுக்கு வந்து சேரும் இடம் என்பதால். கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டை 1750இல் முசாபர் ஜங் வழியாகப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்குப் போனது. 1760இல் ஆங்கிலேயர் அதை இடித்தனர். இன்று அதன் இடிபாட்டில் நின்று பார்த்தால் மூன்று பக்கம் கழியும் கடலுமாகத் தெரியும். நாணயம் அடிக்கப்பட்ட இவ்வளவு முக்கியமான துறை, நிலவழியே வடக்கோடோ தெற்கோடோ எளிதில் சேர முடியாத இடத்தில் இருந்தது. அது குறையாகக் கருதப்படவும் இல்லை. கப்பலும் தோணியும் ஒரு பக்கம், மேற்கே போகும் வண்டித்தடம் மறுபக்கம். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

இதற்கு மறுப்பாக ஒன்று சொல்லலாம். 1746இல் பாராதி என்னும் பிரெஞ்சுப் படைத்தலைவர் புதுச்சேரியிலிருந்து ஒரு படையோடு வடக்கே வந்து அடையாற்றங்கரையில் ஆற்காட்டு நவாபின் படையை முறியடித்தார். கரையோரமாக ஆள் நடந்து போக முடிந்தது என்பதற்கு இது போதுமான சான்று. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடைவழி வேறு, சரக்கு வழி வேறு. பாராதியிடம் பீரங்கிகள் இல்லை என்பதை அந்தப் போரை எழுதிய வரலாற்றாசிரியர்கள் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். வழிதான் அதற்குக் காரணம் என்று வாதிட என்னிடம் ஆதாரம் இல்லை. என் வாதத்துக்கு அது எதிராகவும் இல்லை. கோவளம் கழியும் பாலாறும் மரக்காணத்து முகத்துவாரமும் கரையைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருந்தன. பாலங்கள் இல்லாத காலத்தில் பாரவண்டி தொடர்ச்சியாக ஓடும் சாலை அங்கே அமைவதற்கு வழியில்லை.

வடக்கையும் தெற்கையும் முதலில் இணைத்தது நீர். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூலிகள் வெட்டிய பகுதிகளோடு விரிந்து, ஆளுநர் பக்கிங்ஹாம் பெயரைப் பெற்ற கால்வாய், தெற்கே மரக்காணம் வரை ஓடியது. உப்பு, சவுக்கு விறகு, நெல், வைக்கோல் எல்லாம் படகில் சென்னைக்குப் போயின. இந்தக் கால்வாய்தான் மாநில நெடுஞ்சாலை 49இன் உண்மையான முன்னோடி என்று நான் கருதுகிறேன். ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கழிகளையே கால்வாய் தன் உடலாக ஆக்கிக்கொண்டது. சாலையோ அவற்றைப் பாலம் போட்டுத் தாண்டியது. படகு நின்று நின்று சரக்கு ஏற்றியது. சாலையின் வடிவமைப்போ நிற்காமல் போவதற்கானது. லாரிகள் பெருகியும், 1965, 1966 புயல்களில் சிதைந்தும் கால்வாய் போக்குவரத்து நின்றது. அதன் இடத்தைச் சாலை நிரப்பியது என்று சொல்வது வழக்கம். கால்வாய் செய்த வேலையைச் சாலை ஏற்கவில்லை என்பதே சரி.

சாலையின் வடபகுதி மட்டும் இந்தக் கிழக்கு மேற்குத் திசையமைப்புக்கு விலக்கு. இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் 1966இல் உருவானது. வடநெம்மேலியில் முதலைப் பண்ணை 1976இல் வந்தது. வடநெம்மேலி வரையிலான துண்டு நெடுஞ்சாலைக்கு முன்பே சென்னையின் நீட்சியாகிவிட்டது. பாலாற்றுக்குத் தெற்கே அப்படி நடக்கவில்லை. ஆகவே ஒரே எண்ணின் கீழ் இரண்டு வரலாறுகள் இருக்கின்றன. அவற்றைச் சராசரியாக்கி எழுதுவதால்தான் தென்பகுதியின் கதை மறைந்துபோகிறது.

தென்பகுதியில் நடந்ததை மரக்காணத்தில் கண்கூடாகப் பார்க்கலாம். சாலையோரத்தில் உப்புக் குவியல்கள், மழைக்குப் பனையோலை வேய்ந்து, சின்னச் சின்னக் குடிசைகள் போல வரிசையாக நிற்கும். பாத்தியில் உப்பு வாரும் பெண்களுக்கு இந்த நெடுஞ்சாலை போகும் வழியாக அமையவில்லை. ஒரு நாளில் பலமுறை கடந்தாக வேண்டிய தடையாகவே அமைந்தது. குப்பங்களிலும் இதே நிலைதான். படகும் வலையும் கிழக்கே. பள்ளி, ரேஷன் கடை, மேற்கே போகும் பேருந்து எல்லாம் சாலைக்கு அந்தப் பக்கம். கரையின் வாழ்க்கை இன்னும் கிழக்கு மேற்காகவே ஓடுகிறது, வாகனங்கள் வடக்கு தெற்காக ஓடுகின்றன. சாலையைக் கடப்போர் வேகமாக வரும் காருக்கு முன்னால் பரிதவித்து நிற்பதை ஓட்டுநரின் கவனக்குறைவு என்றோ நடப்பவரின் அவசரம் என்றோ மட்டும் விளக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கமுள்ள ஒரு திசையின் மேல் வேறொரு திசை வைக்கப்பட்டிருக்கிறது.

மாமல்லபுரம் - முகையூர், முகையூர் - மரக்காணம், மரக்காணம் - புதுச்சேரி என்று மூன்று பகுதிகளாகப் பிரித்து இப்போது நான்குவழிப் பணி எடுக்கப்பட்டிருக்கிறது. மாநில எண் போய்த் தேசிய எண் வந்ததைவிட, சாலையின் அகலம் இரட்டிப்பதே கரையூர்களுக்குப் பெரிய மாற்றம். கடக்க வேண்டிய தூரம் அதனால் கூடுகிறது. நெடுஞ்சாலைத் துறையின் கோப்புகளில் மட்டும் இச்சாலையின் வரலாற்றைத் தேடினால் அதன் நீளம், செலவு, சுங்கம் ஆகியவையே கிடைக்கும். திருக்கழுக்குன்றம், செய்யூர், மரக்காணம் பகுதிகளின் ஊராட்சி ஒன்றியச் சாலைப் பதிவேடுகளிலும் பழைய நில அளவை வரைபடங்களிலும்தான் எந்தெந்தத் தடங்களை இது வெட்டியது என்ற கணக்கு இருக்கிறது. அடுத்த ஆய்வு அங்கிருந்து தொடங்க வேண்டும். முதலில் எடுக்கத்தக்கது செய்யூர் - இடைக்கழிநாடு பகுதி.